கணக்கன் கையில் வாள்

கிள்ளானை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் யாம், சாமுராய்ப் படங்களில் விருப்பமுடையோம் என்றால் நண்பர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். காரணம் இல்லாமலில்லை. 1942 ஜனவரியில் கோலாலம்பூருக்குள் நுழைந்த ஜப்பானியப் படையின் அதிகாரிகள் இடுப்பில் வாள் தொங்கவிட்டிருந்தனர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு அப்படை கொண்டு சென்ற நம் தோட்ட மக்களில் பல்லாயிரவர் மீளவேயில்லை. எம் பாட்டியின் தகப்பனாரும் அவர்களுள் ஒருவர்.

அந்த வாள்தான் சாமுராயின் வாளோ? நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய ‘புஷிதோ’வைப் பள்ளி நாளில் படித்து, ஆம் என்றே நம்பினோம். 1900-இல் அமெரிக்காவில் வெளிவந்த நூல் அது. வாள் தரிக்கும் உரிமை 1876-இலேயே பறிபோயிற்று. அதன்பின் மேனாட்டார் மெச்சத் தீட்டிய ஓவியம் எனலாம். யோஷிகாவா எய்ஜி 1935 முதல் 1939 வரை நாளிதழில் தொடராக எழுதிய ‘முசாஷி’யும் வாளை ஞானத்தின் கருவியாக்கியது. சீனத்தோடு போர் மூண்டதும் அத்தொடர் நடந்த காலத்திலேதான்.

நிற்க. போருக்குப் பின் வந்த படங்கள் சில அவ்வோவியத்தைக் கிழித்தன. கோபயாஷி மசாகி மஞ்சூரியாவில் பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தவர். 1962-இல் அவர் எடுத்த ‘ஹராகிரி’யில், ஒரு குலம் போற்றும் முன்னோர் கவசத்தைத் தனியொருவன் தூக்கி எறிகிறான், உள்ளே ஒன்றுமில்லை. பின்னர் அக்குலத்தின் நாளேட்டில் நடந்தது வேறாக எழுதப்படுகிறது. ஏடெழுதிப் பிழைப்போர்க்கு இவ்விடம் சுருக்கெனத் தைக்கும்.

எம் உள்ளங்கவர்ந்ததோ யமதா யோஜியின் ‘அந்திச் சாமுராய்’, 2002-இல் வந்தது. 1868-க்கு முந்திய நீண்ட அமைதிக் காலத்தில் சாமுராய்களிற் பலர் பிரபுக்களிடம் கணக்கெழுதினர், சம்பளம் அரிசி. அத்தகைய களஞ்சியக் கணக்கனே கதைத்தலைவன். மனைவியை இழந்தவன். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளிடம் விரைவதால், உடன் வேலை செய்வோர் ‘அந்தி’ என்று எள்ளுவர். பகையே இல்லாத ஒருவனைக் கொல்லும்படி மேலிடத்து ஆணை வருகிறது. மறுத்தால் பிழைப்புப் போகும், போகிறான். செக்ரோல் எழுதும் எமக்கு அவ்வச்சம் புதிதன்று.

பிரிக்பீல்ட்ஸில் எம் தங்கை வீட்டில் இப்படம் ஓடியபோது, வாளைக் கண்டதும் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். படத்திற் பேசும் பிள்ளைகளின் குரல் கேட்டே திரும்பி வந்தமர்ந்தார். முடிவில், முதியவளாகிவிட்ட மகள் தந்தையின் கல்லறைக்கு வருகிறாள்.

“இவளுக்குச் சமாதியாவது இருக்குதய்யா” என்றார் பாட்டி.