ஒரு பானைப் பலாவும் 120 வோல்ட்டும்!

மலருக்குக் கட்டுரை கேட்டபோது மின்சாரச் சிக்கனம் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்ததும் பலாப்பழ வாசனைதான் வந்தது. கூடவே கருகல் வாசனையும்!

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். சித்திரை பிறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் பலா. மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தை, சித்தப்பா குடும்பங்கள் என்று முப்பது பேர் வீட்டில் கூடிவிடுவார்கள். அன்றைக்குப் பலாப்பழப் பாயசம் கட்டாயம். விறகு எரிந்து அடங்கிய தணலில் மண்சட்டியை ஏற்றி, காலையிலிருந்து மதியம் வரை அந்த வெக்கையில் உட்கார்ந்து அம்மா கிளறுவாள்.

சென்ற சித்திரையில், அம்மா வேலை பார்க்கும் வீட்டு டீச்சரம்மா ஒரு ஸ்லோ குக்கரைக் கொடுத்தார்கள். அவர்கள் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றிச் சூடேற்றும் சுருள். “தீயும் வேணாம், கிளறவும் வேணாமாம். பழத்தப் போட்டு மூடிட்டு நம்ம வேலையப் பாக்கலாமாம்!” என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழா அன்று எல்லோர் முன்னாலும் ஒயரை என் கையில் கொடுத்தாள். “கரண்டுக்குப் படிக்கிற புள்ள, நீயே போடு.”

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பிளக்கில் தட்டையான பின்கள். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? பக்கத்து வீட்டில் மல்டி பிளக் வாங்கிச் செருகி சுவிட்சைப் போட்டேன்.

அரை மணியில் கருகல் நாற்றம். சற்று நேரத்தில் குக்கர் மொத்தமாக அணைந்துவிட்டது. அம்மா ஓடிவந்து, கருகாத பழத்தை மட்டும் வழித்து மண்சட்டியில் போட்டுத் தணலில் ஏற்றினாள். மதியம் எல்லோருக்கும் அரை டம்ளர் பாயசம் கிடைத்தது.

நான் குக்கரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்தது: 120 வோல்ட், 240 வாட்.

“கெட்டுப்போனதத்தான் தள்ளிவிட்டிருக்காங்க. ஓசியில வேற எது வரும்?” என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து டீச்சரம்மாவிடம் அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை என்று தெரிந்தபோதும் திறக்கவில்லை.

அன்றிரவு நோட்டில் கணக்குப் போட்டேன். 240 வாட், 120 வோல்ட் என்றால் 2 ஆம்பியர். மின்தடை 60 ஓம். அதற்கு நம் ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால் சுமார் 880 வாட்! வோல்ட்டேஜ் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடோ மூன்றரை மடங்குக்கு மேல். ஓம் விதியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். வீட்டில் மறந்துவிட்டேன்.

விடுமுறையில் நான் வேலை பார்த்த மோட்டார் காயில் கட்டும் கடைக்குக் குக்கரை எடுத்துப் போனேன். கடை அண்ணன் கழற்றிப் பார்த்து, “சுருள் நல்லா இருக்குடா. தெர்மல் ஃபியூஸ்தான் போயிருக்கு” என்றார். அதே அளவு ஃபியூஸை வாங்கி வந்து சால்டரிங் அயர்னை எடுத்தேன். கையில் ஒரு தட்டு! “பத்தவச்சா அந்தச் சூட்டுலயே இதுவும் போயிடும். கிரிம்ப் பண்ணு.” பாடத்தில் படிக்காத பாடம். கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி 500 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்தம்மாவப் போயி தப்பா நெனச்சுட்டனேடா” என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வைகாசிக் கடைசியில் அக்கா நிச்சயதார்த்தம். இந்த முறை முறையாகச் செய்தோம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ பலாச்சுளையைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, ‘லோ’வில் மூன்று மணி நேரம். அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும். பழம் குழைந்ததும், ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி இன்னும் ஒரு மணி நேரம். தேங்காய்ப்பால் கடைசியில்தான், கொதித்தால் திரிந்துவிடும். ஏலம், சுக்கு, நெய்யில் வறுத்த முந்திரி சேர்த்து இறக்கவேண்டியதுதான். சூடான பீங்கானில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

அம்மா கிளறவில்லை. முதல் தடவையாகப் பட்டுப்புடவையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீச்சரம்மா! அவர்கள் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தது அம்மாதான்.

இந்தக் குக்கரைப் பற்றிப் பிறகு படித்தேன். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற கருவி இதற்கு முன்னோடி. ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்கப் பானையை வைத்துச் சமைத்ததாக அவருடைய தாய் சொன்ன கதைதான் அதற்கு வித்தாம். எங்கள் அம்மாவின் தணல்கூட அதே தத்துவம்தானே!

தோழர்களே, ஒயரைச் செருகுமுன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஃபியூஸை மாற்றுவது சுலபம்; நான் பேசாமல் இருந்த அந்த மூன்று வாரத்தைத்தான் மாற்ற முடியவில்லை.