அப்பாவுக்கு வந்த நாலரைக் கோடி

எங்கப்பா ஒன்பது நாள் நாலரைக் கோடி ரூபாய்க்குச் சொந்தக்காரராக இருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பத்தாவது நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், செல்போனை என்னிடம் நீட்டி, "இத கொஞ்சம் படிச்சு அர்த்தம் சொல்லுப்பா" என்றார்.

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். மேலே ரிசர்வ் வங்கி முத்திரை, கீழே யாரோ பெரிய அதிகாரியின் கையெழுத்து. லண்டனில் இருக்கும் ஏதோ ஒரு நிவாரண நிதிக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரி தேர்வாகியிருக்கிறது, பவுண்டை ரூபாயாக மாற்ற இரண்டாம் தவணைக் கட்டணம் 28,000 கட்டவும், என்று இருந்தது. இரண்டாம் தவணையா? அப்போ முதல் தவணை?

12,500 கட்டியிருந்தார். என் செமஸ்டர் ஃபீஸுக்காக எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம்.

"ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சிரிப்பியேன்னு தோணுச்சு" என்றார்.

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் மாமா ஒருவர் லாட்டரி பரிசு என்று வந்த மெசேஜை நம்பி ஏமாந்தார். சாப்பிடும்போது அதை நான் வீட்டில் நடித்தே காட்டினேன். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அது ஞாபகம் இல்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அது லாட்டரிப்பா. இது கவர்மெண்ட்டாச்சே."

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவருக்கு, பி.எஃப். கணக்குக்காக மின்னஞ்சல் முகவரி போட்டுக் கொடுத்ததே நான்தான். அதில் என்னென்ன வரும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவும் இது பாண்டிச்சேரி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்களுக்கு மாசாமாசம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுப் பணம் சும்மா வந்து விழும் என்பது இங்கே வேற்றுக்கிரகக் கதை இல்லை. (அந்தப் பென்ஷனுக்குப் பின்னால் ஒருத்தர் வருஷக்கணக்கில் துப்பாக்கி தூக்கியிருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.)

நம்ம பி.காம். பாடத்தில் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள், ஒரு பதிவு என்றால் அதற்கு எதிர்ப்பதிவு உண்டு என்று. இந்த மாதிரி மடல் வந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். கொடுக்கிறவன் புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவான்? 2023-ல் உங்களுக்கு 15,490 ரூபாய் வருமான வரி ரீஃபண்ட் அனுமதியாகியிருக்கிறது என்று ஒரு போலிச் செய்தி சுற்றியது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அது பொய் என்று அறிவித்தது. வரியே கட்டாதவனுக்கு ஏதுங்க ரீஃபண்ட்? அப்பாவிடம் நான் கேட்டது இன்னும் எளிமையான கேள்வி. "நாலரைக் கோடி அவங்க கையில இருக்குல்ல, அதுலயே 12,500ஐ கழிச்சிட்டு மீதியக் குடுக்க வேண்டியதுதானே?" அவர் முகம் மாறியது அப்போதுதான்.

ரிசர்வ் வங்கி தனி ஆட்களுக்குக் கணக்கு வைப்பதே இல்லை. இதை அவர்களே பல தடவை சொல்லியாகிவிட்டது. 2010 மே மாதம் இந்த மாதிரிப் போலி அறிவிப்புகளுக்காக யாராவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வந்தால் கவனமாக இருங்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது அவர் பெயரிலேயே மடல்கள் சுற்றின. 2017-ல் எஸ்.எம்.எஸ். அனுப்பி எச்சரித்தார்கள். அப்படியும் மடல் நிற்கவில்லை.

மடலில் இவ்வளவு அபத்தம் எதற்கு, இன்னும் நம்பும்படி எழுதலாமே என்று எனக்கு ஒரு சந்தேகம். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் கார்மக் ஹெர்லி 2012-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். சந்தேகப்படுகிறவன் ஆரம்பத்திலேயே விலகிப் போவதுதான் அவர்களுக்கு லாபம். பதில் போடுகிறவர்கள் மட்டும் சல்லடையில் நிற்பார்கள், அவர்களிடம் நேரத்தைச் செலவழித்தால் போதும். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கப்பாவைச் சலித்து எடுத்திருக்கிறார்கள்.

அனுப்பியவர் பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். அப்பாவுக்கு வந்தது யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில். வங்கி என்று சொல்லி ஏதாவது இணைப்பு வந்தால், முகவரியின் வால் பகுதியைப் பாருங்கள். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபருக்குள் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. நடுவில் வங்கி பெயர் இருப்பதற்கு மதிப்பே இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

"புகார் குடுத்து என்னாவப் போவுது?" என்றார் அப்பா. அவருக்கு ஒரு தூத்துக்குடி கதை சொன்னேன். அந்த ஊர் ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர், 2007-ல் வங்கி அனுப்பியது போலவே வந்த மடலுக்குத் தன் விவரங்களைக் கொடுத்துவிட்டார். ஆறு லட்சத்துக்கும் மேல் போய்விட்டது. அவருக்குக் காட்டியது ஆசை இல்லை, கணக்கு பற்றிய பயம். அவர் விடவில்லை. 2010 ஏப்ரலில் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் டேவிதார், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்து, வங்கி 12.85 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

1930-க்குப் போன் செய்தோம். நம்ம ஊரில் கொஞ்சம் தள்ளிப் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும், எந்த ஸ்டேஷன் என்ற குழப்பம் இதில் இல்லை, நாடு முழுக்க ஒரே எண். அது வேலை செய்யும் விதம் எளிமையானது: பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் கிடந்தால் அதை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். அதனால் முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. நாங்கள் கூப்பிட்டது பத்தாவது நாள். அந்தக் கணக்கில் பணம் வந்த அன்றே எடுத்திருக்கிறார்கள்.

"அன்னிக்கே ஒங்கிட்ட சொல்லியிருந்தா கெடச்சிருக்குமா?" என்று அப்பா கேட்டார். தெரியலப்பா என்றேன். கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று எனக்குத் தெரியும்.

ஃபீஸை அபராதத்தோடு கட்டினோம். போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா மறுபடியும் போனை நீட்டினார். மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் 5,000 மட்டும் என்று ஒரு மடல். ஏமாந்தவர்கள் பட்டியலையும் விற்பார்கள் போல.

"இது எப்பப்பா வந்துச்சு?"

"இப்பத்தான். ஒரு அஞ்சு நிமிஷம் ஆவும்."