ஸ்பானரால் சுருதி சேர்ப்பவர்

பக்வாஜ் என்ற மத்தளத்தின் இடப்பக்கத் தோலில் கோதுமை மாவை அப்பிக்கொண்டிருந்தவர் பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மாவு சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் இளக்கம். தோலின் நடுவில் வைத்து, ஈர விரலால் ஓரங்களை இழுத்துத் தேய்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, துளி மாவைக் கிள்ளி எடுத்தார். மறுபடி ஒரு தட்டு. மாவு கூடினால் நாதம் இறங்கும், குறைந்தால் ஏறும். நம் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை வைப்பதும் இதே கணக்குத்தான்.

வலப்பக்கத்துக்கு, வார்களுக்கு அடியில் செருகிய கட்டைகளைச் சுத்தியால் நகர்த்துவது பழைய முறை. இவருடையது நட்டு, போல்ட்டு வைத்த புது பக்வாஜ். சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். ஆர்மோனியம் வாசிக்கும் பேட்டிக்காரர் 'காளி ஏக்' என்று சொல்லி முதல் கறுப்புக் கட்டையை அழுத்திப் பிடித்தார். நாம் ஒன்றரைக் கட்டை என்போம். கால் திருகு, ஒரு தட்டு, இன்னும் அரைக்கால் திருகு. பகலில் இயந்திரத்துக்குச் செய்வதை இரவில் தோலுக்குச் செய்கிற கை அது.

புணே பக்கத்தில், முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் இடையில் இருக்கிறது சாங்வி. இன்று பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட ஊர். புதிய சாங்வி முழுக்க அடுக்ககங்கள். பழைய சாங்வியில்தான் ஊர்க்கோயிலும் அதன் பஜனி மண்டளியும். நான் போனது ஏகாதசி இரவு. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர் "யா மாவுலி", அதாவது "வாருங்கள் தாயே", என்று குனிந்து என் காலைத் தொட்டார். பதறிப்போய் நானும் குனிந்தேன். விட்டலின் அடியார்களான வார்கரிகள் ஒருவர் காலை ஒருவர் தொடுவார்கள், வயசுக் கணக்கெல்லாம் கிடையாது. விஷயம் முன்பே தெரியும்தான், இருந்தும் கூச்சம் போகவில்லை.

என்னை அங்கே இழுத்தது ஓர் ஆங்கில நாவல். தாமஸ் ஹார்டி 1872-ல் எழுதிய 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ', ஒரு தேவாலயப் பாட்டுக் கோஷ்டியின் கதை. இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களில் ஏறத்தாழ 1700 முதல் 1850 வரை மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மரப்பரண் இருக்கும். அதில் ஊர்க்காரர்களே ஏறி நின்று வயலின், செல்லோ, கிளாரினெட், பாசூன் வாசித்து நாலு குரலில் விவிலியச் சங்கீதங்களைப் பாடுவார்கள். செருப்புத் தைப்பவர், கொத்தனார், தச்சர் எல்லாம் உண்டு. ஹார்டியின் அப்பாவே கொத்தனார், ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயத்தில் வயலின் வாசித்தவர். கையால் எழுதிய அவர்களது நோட்டில் ஒரு பக்கம் திறந்தால் சங்கீதம், தலைகீழாகத் திருப்பித் திறந்தால் கல்யாண வீட்டு நடன மெட்டுகள். இந்தக் கோஷ்டிகளை வீட்டுக்கு அனுப்பியது ஆர்கனும் ஆர்மோனியமும்.

அதே ஆர்மோனியம் சாங்வியில் பக்வாஜுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே பிழைப்பைக் கெடுத்தது, இங்கே எப்படிக் கூட்டாளியானது? பேட்டிக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதி விடை கிடைத்தது. 1842-ல் பாரிஸில் தெபேன் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியம் காலால் மிதிப்பது. இரண்டு கையும் ஓய்வாக இருப்பதால் நாலு குரலையும் ஒரே ஆள் வாசித்துவிடலாம். பரணில் இருந்தவர்களுக்கு வேலை போயிற்று. பிறகு கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் வைத்து வாசிக்கும்படி மாற்றினார். இடக்கை துருத்தியில் மாட்டிக்கொண்டது, மிச்சம் ஒரு கை. அதில் மெட்டு மட்டும்தான் வரும். பாடுகிறவரின் பின்னால் போவதைத் தவிர அதற்கு வழியில்லை. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்து, 1971 வரை வைராக்கியம் காட்டியது. பஜனை மடங்களில் யாரும் அந்தத் தடையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

விடையின் இன்னொரு பாதி, பாட்டும் வாத்தியமும் யாருடைய சொத்து என்பது. இங்கிலாந்தில் பாதிரியாரும் ஜமீன்தாரும் நினைத்தால் பரணைக் கழற்றிவிட முடிந்தது. இங்கே பக்வாஜுக்குத் தோல் மாற்றுவதும் ஜால்ராவுக்குக் கயிறு வாங்குவதும் மண்டளிக்காரர்களின் பணம். பூசாரிக்கு இதில் வாயில்லை.

பாட்டு தொடங்கியது. கழுத்தில் வீணை மாட்டிய விணேகரி நடுவில். வீணை என்று சொன்னாலும் தம்பூராவின் வேலைதான். சப்தாகம் நடக்கும் ஏழு நாளும் அதைத் தரையில் வைக்கக் கூடாது, ஆள் மாற்றி ஆள் சுமக்க வேண்டும். இரு பக்கமும் எதிரெதிராகத் தாள்கரிகள், கையில் கனத்த ஜால்ரா. முன்பாட்டுக்காரரான புவா முதல் அடியை எடுத்தார், வரிசை வாங்கிப் பாடியது. குரல் பயிற்சி என்று எதுவும் யாருக்கும் கிடையாது. நாலைந்து பேர் சுருதிக்குச் சற்றுக் கீழே நின்றார்கள். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. ஜால்ரா மட்டும் ஒரு மயிரிழை பிசகினால் புவாவின் பார்வை சுட்டுவிடும்.

துக்காராம் பெயரில் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு அபங்கங்கள் உண்டு. இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டேன். "சால் தெரிந்தால் போதும், அண்ணா" என்றார் புவா. சால் என்றால் மெட்டு. பெரிய அபங்கத்தின் அடி ஆறு, ஆறு, ஆறு, நாலு எழுத்து என்று நடக்கும். அந்த அளவில் எழுதிய எதையும் அந்த அளவுக்கான எந்த மெட்டிலும் ஏற்றலாம். ஹார்டியின் ஆட்களுக்கும் இதே வசதி இருந்தது: எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசையில் வந்த சங்கீதம் எதற்கும் கைவசம் இருந்த மெட்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மெட்டு, கொள்ளைப் பாட்டு. உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்குத் தோதான ஏற்பாடு. மராட்டியர் ஆட்சியில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து சேர்ந்த அபங்கங்களைக் கும்பகோணத்து பாகவதர்கள் ராகம் பிரித்து இழைப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, இந்த மொட்டைப் பாட்டு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. மூன்றாவது அபங்கத்தில் தாளம் காலில் ஏறியபிறகு ராகத்தைத் தேடத் தோன்றவில்லை.

பெண்களுக்குத் தனி மண்டளிகள் உண்டு. புதிய சாங்வியின் அடுக்ககங்களில் மதிய வேளையில் பாடுகிறார்கள், ஆண்களைவிட ஒழுங்காக ஒத்திகையும் பார்க்கிறார்கள் என்று ஆண்களே ஒப்புக்கொண்டார்கள்.

பத்தரை மணிக்கு ஒரு கல்லூரிப் பையன் புது சால் ஒன்று எடுத்தான். இரண்டாவது அடியிலேயே காகா என்று எல்லாரும் அழைக்கும் பெரியவர் ஜால்ராவை நிறுத்திவிட்டார். அது சினிமாப் பாட்டின் மெட்டு. ஹார்டியின் கதை ஒன்றிலும் இப்படி உண்டு: கிறிஸ்துமஸ் வார அலைச்சலில் தூங்கிப்போன கோஷ்டி, திடுக்கிட்டு எழுந்து தேவாலயத்துக்குள் நடன மெட்டை வாசித்துவிடும். கடுப்பான ஜமீன்தார் கோஷ்டியைக் கலைத்துவிட்டுக் கைப்பிடி சுற்றும் ஆர்கனை வரவழைப்பார். இங்கே கலைக்க ஆளில்லை, ஆகவே சண்டை நீண்டது. விட்டலுக்கு எந்த மெட்டானால் என்ன என்றான் பையன். விட்டலுக்குச் சரி, எனக்கு அந்த நடிகைதான் கண்ணில் வருகிறாள் என்றார் காகா. சிரிப்புக்கு நடுவே ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். கடைசியில் ஃபிட்டர் கடிகாரத்தைக் காட்டினார். அவருக்கு மறுநாள் முதல் ஷிஃப்ட். சால் விவகாரத்தை அடுத்த ஏகாதசிக்குத் தள்ளிவைத்துவிட்டு ஆரத்திக்கு எழுந்தார்கள்.