இரு வாசல் வீடு

எங்கள் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் அருகருகே குடியிருந்தன. ஒருவருக்கு அது, மற்றவருக்கு இது. 2009இல், இரண்டாலும் எழுத முடிகிற ஃபேட்32 பகிர்வொன்றில் ஃபயர்பாக்ஸின் சுயவிவரக் கோப்புறையை வைத்து, இருபுறத்துப் புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ கோப்பிலும் அதன் இடத்தைக் குறித்தோம். பகலில் ஒருவர் வாசித்தது இரவில் மற்றவரின் முகவரிப் பட்டையில் எட்டிப் பார்த்தது.

ஒருநாள் விண்டோஸை முழுதாக அணைக்காமல், ஹைபர்னேட் நிலையில் விட்டு லினக்ஸுக்குள் நுழைந்தோம், தவறு எங்களுடையதே. (உறங்கும் அமைப்பு வட்டின் பழைய படத்தையே நினைவில் வைத்திருக்கும்.) திரும்பியபோது பிளேசஸ்.எஸ்க்யூலைட் கோப்பு சிதைந்திருந்தது. ஃபயர்பாக்ஸ் தானே எடுத்துவைத்திருந்த காப்பு நகலிலிருந்து புத்தகக்குறிகள் மீண்டன. வரலாறு மீளவில்லை. இருவரும் வாசித்து நாட்கணக்கில் பேசிய சிறுகதையொன்று அதில்தான் இருந்தது. மற்றவர் குறித்திருப்பார் என்றெண்ணி இருவருமே குறிக்கவில்லை. தலைப்பும் நினைவில்லை. இன்னமும் தேடுகிறோம்.