சிறு வலுவும் செவ்விய பொருத்தமும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு வால்வும் வாற்றும் எதற்கு என வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும், இசையில் நாட்டமுடைய ஒருவன் அவ்விசை தன் செவிக்கு வந்து சேரும் வழியையும் அறிய விரும்புதல் இயல்பன்றோ? இவ்விழா மலரிற் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கத்தக்க பொருளொன்றை எழுதுக எனப் பணிக்கப்பட்டபோது, பல்லாண்டுகளாக என் மாலைப் பொழுதுகளைக் கவர்ந்துள்ள இவ்விடயமே முன்வந்து நின்றது.

மின்னலையாக வரும் இசையை வலுப்படுத்துவது விரியலாக்கி. பொதுமக்கள் அதனை அம்பிளிபயர் என்பர். அம்மின்னலையை மீண்டும் ஒலியாக்கி வெளியிடுவது ஒலிபெருக்கி, அதாவது ஸ்பீக்கர். திரான்சிற்றர் பரவுதற்கு முன்னர் விரியலாக்கிகள் வால்வுகளைக் கொண்டே இயங்கின. அவ்வால்வுக் கருவிகளின் இனிமையை விரும்புவோர் இன்றும் உலகெங்கும் உளர். ஆனால், ஒற்றை வெளியீட்டு வால்வினால் இயங்குவன தரும் வலு மிகச் சிறிது. வெஸ்டேர்ண் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930களில் ஆக்கிய 300பி என்னும் புகழ்பெற்ற வால்வு ஏறத்தாழ 8 வாற்றே தரும்; வீட்டுக் கருவிகளிற் பெருவழக்காயிருந்த ஈ.எல். 84 ஏறத்தாழ 5 வாற்றுத் தரும். நூறு வாற்று, இருநூறு வாற்று எனக் கடைகளிற் படித்துப் பழகிய மாணவர் இதனைக் கேட்டு நகைத்தலுங் கூடும்.

நகைப்பதற்கு முன் சிறு கணக்கொன்று செய்வோம். ஓர் ஒலிபெருக்கிக்கு 1 வாற்று வலுவைக் கொடுத்து, 1 மீற்றர் தொலைவில் எழும் ஒலியை டெசிபெல்லில் அளப்பர். அதுவே அதன் உணர்திறன். ஒலி 3 டெசிபெல் உயர வேண்டுமாயின் வலு இரு மடங்காதல் வேண்டும்; 10 டெசிபெல் உயரப் பத்து மடங்காதல் வேண்டும். ஆகவே, 84 டெசிபெல் உணர்திறனுடைய ஒன்றுக்கும் 96 டெசிபெல் உடைய ஒன்றுக்கும் இடையே தோன்றும் பன்னிரண்டு என்னும் சிறு வேறுபாடு உண்மையிற் பதினாறு மடங்கு வலுவாகும். பின்னதற்குக் கொடுத்த 4 வாற்றின் ஒலியை முன்னதிலிருந்து பெற 64 வாற்று வேண்டும்.

எஞ்சிய வலு எங்கே போகிறது? வெப்பமாய்ப் போகிறது. 92 டெசிபெல் உணர்திறனுடைய நல்லதோர் ஒலிபெருக்கியும், தான் பெற்ற மின்வலுவில் நூற்றிலொரு பங்கையே ஒலியாக்குகிறது. நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை கூறுமிடத்து இல்லிக்குடத்தையும் சேர்த்தார். எத்துணை ஊற்றினும் நில்லாத ஓட்டைக் குடத்தை எண்ணுந்தோறும் எனக்கு இவ்வொலிபெருக்கிகளும் நினைவுக்கு வருகின்றன.

என் தந்தையார் 1960களிற் கொழும்பில் அலுவல் பார்த்த காலத்தில் வாங்கிய வால்வு விரியலாக்கி ஒன்று எம்மிடம் உண்டு. பக்கத்துக்கொரு ஈ.எல். 84 கொண்டது. உறவினர் வீட்டிற் கொழும்பிலேயே தங்கிவிட்டமையால், எம் இடப்பெயர்வுகளுக்குத் தப்பியது. அவர் மறைந்தபின் அதனை ஊருக்குக் கொணர்ந்தோம். மருமகன் தன் சிறிய அலுமாரிப் பெட்டி ஒலிபெருக்கிகளோடு இணைத்தான். நாதசுரம் மெல்ல எழுந்தது. தவில் முழங்கியதும் யாவும் கலங்கிப் பிளந்தன. திருத்துபவர் வந்து பார்த்து, “வால்வு செத்துப்போச்சு மாஸ்டர், பழைய இரும்புக்குக் குடுத்துவிடுங்கோ” என்றார். வீட்டாரும் உடன்பட்டனர். நான் பெட்டியின் பின்புறத்தைப் படித்தேன். 84 டெசிபெல் என்றிருந்தது.

தேடிப் பெற்ற 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டினை அகன்ற பலகைப் பெட்டிகளிற் பொருத்தினேன். இலேசான காகிதக் கூம்பும் பெரிய காந்தமும் உடையன அவை. உணர்திறன் 96 டெசிபெல். அதே விரியலாக்கி, அதே வால்வுகள். இசைத்தட்டுச் சுழன்றது, தவிலின் ஒவ்வோர் அடியும் தெளிவாய் விழுந்தது. சமையலறையிலிருந்து அம்மா, “தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறை” என்றார். அக்கருவிக்கு அதனினும் மேலான நற்சான்றிதழ் வேண்டுமோ?

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளிற் சில வாற்று வலுவே பெருங் கூம்புகளின் வழியே சென்று மண்டபத்தை நிறைத்தது. போல் கிளிப்ஷ் என்பார் 1940களில், அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் தொடர்ச்சியாகக் கொள்ளும் ஒலிபெருக்கியை அமைத்தார். 1954இல் எட்கர் வில்ச்சர் என்பார், மூடிய சிறு பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஒலியைப் பெறும் வழியைக் காட்டினார். அதற்குக் கொடுத்த விலை வினைத்திறன். பின்னர் திரான்சிற்றர் வலுவை மலிவாக்கவே, சிறு பெட்டிகள் வீடுகளை நிறைத்தன. வால்வுகள் வலிமை குன்றியவையாய்த் தோன்றின.

சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த வினைத்திறன் என்னும் மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இரண்டைப் பெறின் மூன்றாவதை இழத்தல் வேண்டும். எம்மூர்த் திருவிழாக்களிற் கம்பத்திற் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நோக்குக. சிறு வலுவாலேயே அது தேவாரத்தை வயல்வெளி கடந்தும் கொண்டு செல்லும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியையோ அது கைவிட்டுவிடும்.

இத்துறையிற் புகும் இளைஞர்க்குச் சில சொல்வேன். விரியலாக்கியின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் எனக் குறித்த முனைகளுள் ஒலிபெருக்கியின் தடங்கலுக்கு ஏற்றதைத் தெரிக. அத்தடங்கல் மீடிறனோடு பெரிதும் ஏறியிறங்காதிருத்தல் நன்று. உணர்திறனை 1 வாற்றுக்குக் கூறினரா, 2.83 வோல்ற்றுக்குக் கூறினரா என நோக்குக. 4 ஓம் ஒலிபெருக்கிக்குப் பின்னது 2 வாற்றாதலின், எண் 3 டெசிபெல் மிகுத்துத் தோன்றும். ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வு விரியலாக்கியை இயக்கற்க. வெளியீட்டு நிலைமாற்றி பழுதாகும். நிறுத்திய பின்னும் உள்ளே உயிர்க்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அறியாதார் திறத்தல் ஆகாது.

சிறு வலுவின் அருமை எம் தலைமுறைக்குப் புதிதன்று. 1990இற்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருந்த ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, 3 வாற்றுத் தைனமோவினால் வானொலி கேட்டு வளர்ந்தோம். சுற்றுபவன் களைத்தால் செய்தி நின்றுவிடும். ஆதலின் ஒருவர் சுற்ற, ஏனையோர் பேச்சடங்கிச் செவிசாய்த்திருந்தோம். அந்த 3 வாற்றில் ஒரு சொல்லும் வீணாகவில்லை.

வகுப்பறையிலும் இவ்வாறே. மெல்லிய குரலுடைய ஆசிரியர் சிலர், உரத்துப் பேசியோர் எட்டாத உள்ளங்களை எட்டியதை இக்கல்லூரியின் பழைய மாணவர் அறிவர். ஒரு வகுப்பில் மந்தன் எனப்பட்ட மாணவன் வேறோர் ஆசிரியரிடம் துலங்கியதை நானும் கண்டுள்ளேன். ஒருவனைப் பழைய இரும்பென்று ஒதுக்குமுன், அவன் எதனோடு இணைக்கப்பட்டுள்ளான் என்று ஒருமுறை பார்த்தல் எம்மனோர் கடன்.