பாலத்துக்கும் நகருக்கும் நடுவில் ஒரு வீடு

"மறைமலையடிகள் வீடா? அதுக்கு நீங்க மறைமலை நகர் போகணும் சார்" என்றார் டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்து ஸ்டேஷன் தாண்டணும். செங்கல்பட்டு வண்டியாப் பார்த்து ஏறுங்க. தாம்பரத்தோட நிக்கிற வண்டியில ஏறிடாதீங்க."

பல்லாவரம் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தோம். கூட வந்த தம்பி மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களை மறுபடி தாம்பரம் தாண்டிப் போகச் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை. அடிகள் 1911-இல் குடிவந்து மிச்ச வாழ்நாளைக் கழித்தது பல்லாவரத்தில். அவர் பெயரை வைத்ததோ அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, தொழிற்பேட்டையோடு எழுந்த ஒரு புதுநகருக்கு. வடக்கே சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிற பாலத்துக்கும் அவர் பெயர்தான். பாலத்துக்கும் நகருக்கும் நடுவில் வீடு.

இந்தப் பயணத்துக்குக் காரணம் போன கோடை விடுமுறையில் நடந்தது. வேறொரு எழுத்தாளரின் நினைவு இல்லத்துக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தேன். யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைத்தடி, ஒரு பித்தளைச் சொம்பு. சுவர் முழுக்கப் படங்கள். அதில் பாதிக்கு மேல் எழுத்தாளர் இல்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஒரு நாற்காலிக்குக் குறுக்கே கயிறு கட்டி "உட்காராதீர்" என்று எழுதியிருந்தது. காவலாளி தம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார்கள்: வரிசை எண், பெயர், ஊர், கருத்து. கருத்துப் பத்தி நெடுகிலும் "நன்று", "அருமை", "மிக நன்று". அவள் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "அவர் என்ன எழுதினார்?"

பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. அந்தக் கேள்வி என்னைப் பல நாள் அரித்தது. கொத்தனார் வீட்டைக் காட்டுவது எளிது, கட்டியது கண்முன் நிற்கும். தச்சர் வீட்டில் உளியாவது இருக்கும். சொல்லை வைத்துப் பிழைத்தவர் வீட்டில் எதைக் காட்டுவது?

அதனால்தான் பல்லாவரம். போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. சேலையூரிலிருந்து தாம்பரம் நிலையத்துக்கு வரும் வழியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வாசலைக் கடந்தோம். அடிகள் அந்தக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் என்று சொல்லி வைத்திருந்தேன். "அப்போ இங்க இருந்துதான் தினமும் பல்லாவரம் போவாரா?" என்றாள். இல்லை. அவர் 1898-இல் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரி இருந்தது பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே. அங்கே அவருக்கு உடன் ஆசிரியர் பரிதிமாற்கலைஞர். பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால் படிக்கலாம் என்று ஆனதும் 1911-இல் வேலையை விட்டார். கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது 1937-இல்தான். கல்லூரியை விட்டவர் பல்லாவரம் வந்தார். கால் நூற்றாண்டு கழித்து, கல்லூரி அவரையும் தாண்டித் தெற்கே வந்து குடியேறியது.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. அடிகளின் இயற்பெயரான வேதாசலம் மறைமலை ஆனது அப்படித்தான். அவர் நடத்திய "ஞானசாகரம்" இதழ் "அறிவுக்கடல்" ஆனது. "சமரச சன்மார்க்க நிலையம்" "பொதுநிலைக் கழகம்" ஆனது. வீட்டுப் பிள்ளைகளையும் விடவில்லை: திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு, மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. "பாவம்!" என்றாள், "வருகைப் பதிவேட்டுல கூப்பிடும்போது எப்படி இருந்திருக்கும்?"

பிறகு அவளே தொடங்கிவிட்டாள். முதலில் வந்தது தாம்பரம் சானடோரியம். 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர். "நலவில்லம்" என்றாள், பரவாயில்லை. அடுத்தது குரோம்பேட்டை. தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேட்டை. அதற்கு அவளுக்கும் வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தனித்தமிழ் பிறந்த வீட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் பெயர் இது! பிறகு தன் பெயரைக் கேட்டாள். அவள் பெயருக்கு வடமொழியில் பெண்மான் என்று பொருள். "தமிழில் பிணை" என்றேன்.

"பிணையா? ஜாமீனா பெரியப்பா?"

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தா மாதிரி தெரிந்த ஒருவர் பேப்பரை மடக்கிவிட்டுச் சிரித்தார். பல்லாவரம் வந்துவிட்டது.

டீக்கடையில் திசை தப்பியதைச் சொல்லிவிட்டேன். தெருவைச் சரியாகக் கைகாட்டியவர் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர். "தமிழ்ச் சாமியார் வீடுதானே?" என்று கேட்டார். துறவு பூண்டும் குடும்பத்தோடேயே வாழ்ந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது.

நாங்கள் படியேறவில்லை. உச்சி வெயிலில் தெருவோரம் நிழல் பார்த்து நின்றோம். நான் காட்ட வந்தது அறைக்குள் இருப்பதல்ல, தோட்டத்தில் நடந்தது. ஆண்டு 1916. அப்பாவும் மகளும் உலாவுகிறார்கள். அப்பாவுக்கு நாற்பது வயது, இன்னும் சுவாமி வேதாசலம். மகள் நீலாம்பிகை 1903-இல் பிறந்தவர், ஏறக்குறைய இவள் வயது. அப்பா திருவருட்பாவிலிருந்து ஒரு பாட்டைப் பாடுகிறார். நிறுத்திவிட்டு மகளிடம் சொல்கிறார்: இதில் "தேகம்" என்று வரும் இடத்தில் "யாக்கை" என்ற தமிழ்ச்சொல் இருந்தால் பாட்டின் இன்பம் இன்னும் கூடுமே. அப்படியானால் இனி நாம் பிறமொழி கலக்காமலே பேசுவோம், எழுதுவோம் என்று இருவரும் முடிவுசெய்கிறார்கள். நீலாம்பிகை அம்மையார் பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

"யாக்கைன்னா?"

"யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பு, நரம்பு, தோல் எல்லாம் சேர்த்துக் கட்டியது யாக்கை."

அவிழ்ந்திருந்த ஜடையைக் கையில் பிடித்து ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "சரி, ஆனா உடம்புன்னே சொல்லலாமே பெரியப்பா? அதுவும் தமிழ்தானே?"

பாட்டின் ஓசைக்கு ஒத்துவராது என்று ஏதோ சொன்னேன். என் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு மூன்று சொல்லை எடைபோட்டுப் பார்த்துவிட்டாள் அல்லவா, அந்த வீட்டில் நடந்த வேலை அதுதான். கண்ணாடிப் பெட்டிச் சொம்பு இதைச் செய்யாது. என்னைக் கேட்டால் வாசல் திண்ணையில் ஒரு சிலேட்டை மாட்டிவைப்பேன். வருகிறவர்கள் தங்கள் பெயரை எழுதி, அதைத் தமிழாக்கிப் பார்க்கட்டும். சண்டை வரும். வரட்டும்.

அதோடு, காட்டுவதாக இருந்தால் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். தனித்தமிழின் தந்தை என்று நாம் சொல்கிறவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார், ஆங்கிலத்தில். 1907-இல் காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து நேரே தமிழாக்கினார். வடமொழியை அறியாமல் வெறுத்தவரல்லர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தியவர். நினைவு இல்லங்களுக்கு இந்த மாதிரி முரண்கள் பிடிப்பதில்லை. மாலை போட்ட படத்துக்குக் கீழே ஆங்கில டைரியின் ஒரு பக்கத்தை வைக்க யாருக்குத் துணிவு வரும்? என் எண்ணத்தில் அந்த ஒரு பக்கமே வருகிறவனை நிற்கவைக்கும்.

மகளையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தொகுத்து அகரவரிசை போட்டவர். 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" என்ற பட்டத்தைக் கொடுத்த மாநாடு அது. தீவிர சைவர் வீட்டுப் பெண் தலைமையில் கடவுள் மறுப்பாளருக்குப் பட்டம்! அடிகள் வீடு என்றே பேசிப் பேசி, அது அம்மையார் வளர்ந்த வீடும்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

மற்ற வீடுகளின் கதை தெரிந்ததுதான். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டை அரசு 1993-இல் வாங்கிக் காப்பாற்றியது. மைசூரு யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீட்டை இடிக்கத் தொடங்கிய பிறகு எதிர்ப்பு எழுந்து, 2016-இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. உ.வே.சா.வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் 2012-இல் தரைமட்டமானது. ஆனால் அவருடைய ஏடுகளும் நூல்களும் பத்திரமாக இருக்கின்றன. அவர் மறைந்த அடுத்த ஆண்டே, 1943-இல், ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. வீடு போய்ப் புத்தகம் நின்றது. பல்லாவரத்துக் கதை வேறு. அடிகள் வாங்கிச் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டன. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-இல் அவற்றைக் கொண்டு லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனது.

கன்னிமாரா இருப்பது பாந்தியன் சாலையில், அருங்காட்சியகத்தோடு ஒரே வளாகம். இதில் ஒரு வேடிக்கை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரம் படைமைதானத்துக்குப் பக்கத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கல் என்று இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை 1904-இல் எழும்பூர் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. கல்லோ புத்தகமோ, பல்லாவரத்துச் சாமான் கடைசியில் பாந்தியன் சாலைக்குத்தான் போய்ச்சேரும் போலிருக்கிறது. வீட்டைப் பார்க்கிறவன் பல்லாவரத்திலும், படித்த புத்தகத்தைப் பார்க்கிறவன் எழும்பூரிலும், பெயர்ப்பலகையைப் பார்க்கிறவன் மறைமலை நகரிலும் இறங்க வேண்டும். ஒரு பாஸ் எடுத்தால் போதும், ஒரே ரயில் பாதைதான். 1931-இல் இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அடிகள் பல்லாவரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அவள் கவனம் தெருமுனைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அல்லவா, பழைய டிரங்க் ரோட்டில் பல்லாவரம் சந்தை. வாழைக்கன்று, ரோஜாத் தொட்டி, புறாக் கூண்டு, காதில்லாத வாணலி, ஓடாத கடிகாரம், யாருடையதோ கல்யாண ஆல்பம். இந்தச் சந்தையில் கிடைக்காதது எதுவும் இல்லை என்று சொல்வார்கள். இங்கே வந்து சேராததும் எதுவும் இல்லை. யார் வீட்டு மூக்குக்கண்ணாடியாவது கண்ணாடிப் பெட்டிக்குப் போகாமல் இங்கே வந்திருக்கலாம்.

ஒரு தார்ப்பாயில் பழைய புத்தகக் குவியல். கைடுகள், பஞ்சாங்கங்கள், அட்டை கிழிந்த நாவல்கள். அதற்கடியிலிருந்து அவள் ஒரு டைரியை உருவினாள். மெரூன் நிற ரெக்சின் அட்டை, ஓரம் கரையான் தின்றிருந்தது. உள்ளே நீல மையில், சாய்வான கையெழுத்து:

ஜனவரி 1, பால் 2. ஜனவரி 2, பால் 2. ஜனவரி 3, மாமா வந்தார், பால் 3. ஜனவரி 4, மாமா போகவில்லை, பால் 3.

நின்றபடியே சத்தமாகப் படித்தாள். மாமா ஒன்பதாம் தேதி போயிருக்கிறார். பிப்ரவரி 11-க்குப் பிறகு ஒன்றும் இல்லை, வெறும் தாள்.

"எவ்வளவு?" என்றேன் கடைக்காரரிடம்.

"எண்பது."

"பாதி எழுதியிருக்கே."

"நாப்பது பக்கம்கூட எழுதலை அங்கிள்" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள் அவள். கடைசியில் ஐம்பதுக்கு முடிந்தது. பால் கணக்கைக் கிழித்துவிடவா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று அட்டையை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.