வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடை வரை

வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனைப் பக்கமாகக் கொச்சிக்கடைக்கு நடந்தோம். அன்று செவ்வாய்க்கிழமை. என்னுடன் வந்த அம்மாவுக்குத் தம்பிலுவில் சொந்த ஊர். 1990 இல் காணாமற்போன கணவரைப் பற்றி விசாரிக்கக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்.

முதலில் புனித அந்தோனியார் ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றினார். பிறகு பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அக்கோயிலை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னர் கருங்கல்லில் கட்டுவித்தார்.

"அம்மா, நீங்கள் சைவம்தானே?" என்று கேட்டேன். படிவத்தில் சமயத்துக்கு ஒரு கட்டம்தான் இருந்தது.

"ஓம் புள்ள. அதுக்காக அந்தோனியார் என்ட பேச்சைக் கேக்கமாட்டாரா?"

அவர் ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் போய்க் கணவரைக் கேட்டு அழுவதை முதல் நாளே சொல்லியிருந்தார். நான் படிவத்தில் "மூடநம்பிக்கை, யதார்த்தத்தை ஏற்க மறுக்கிறார்" என்று எழுதியிருந்தேன். சமூகவியல் படித்த கை அது.

கோயில் வீதியில் இருந்தபோது ஒரு சிலை நினைவுக்கு வந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண் தெய்வம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் சுமார் 143 சென்ரிமீற்றர். முன்னாள் ஆளுநர் பிரவுண்றிக் 1830 இல் அதனைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மேலாடையில்லாத அவ்வுருவம் பொதுமக்கள் பார்வைக்கு ஏற்றதல்ல என்று கருதி, சுமார் 30 வருடங்கள் அதனை அறிஞர்களுக்கு மட்டுமே காட்டினார்கள். செய்தவர்களும் வணங்கியவர்களும் அந்த உடலில் அருளைக் கண்டார்கள். இலண்டனில் இருந்தவர்கள் வெட்கத்தைக் கண்டார்கள்.

பெயரிலும் இதுவே நடந்தது. முன்பு அதனைப் பத்தினித் தெய்வம் என்றார்கள். நாம் கண்ணகி என்பவளைச் சிங்கள மக்கள் பத்தினி என்று வணங்குகிறார்கள். இலங்கையில் பெண் தெய்வம் என்றால் அவளாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். அக்காலத்தில் இங்கு மகாயான பௌத்தமும் இருந்தது. இன்று அச்சிலையைத் தாரா என்கிறார்கள்.

சிலைக்கு வாயில்லை. அம்மாவுக்கு இருந்தது. நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை.

"புருசனுக்காக ராசாவிட்ட வழக்குச் சொன்னவள் கண்ணகி. முப்பது வருசத்துக்கு மேல என்ட வழக்கை ஆர் கேட்டது? அதுதான் அவளிட்டச் சொல்றன். இது பைத்தியமா, புள்ள?"

அந்த வரியை வெட்டினேன். "கணவருக்கு நீதி கேட்கிறார்" என்று எழுதி, மீண்டும் வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி" என்றார்.

சகோதரிகளே, உங்களிடமும் பலர் படிவங்களோடு வருவார்கள். உங்கள் நேர்த்திக்கும் விரதத்துக்கும் என்ன பொருள் என்பதை நீங்களே சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையென்றால் திருத்தச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் அது ஒரு படிப்பு.